சத்து மாத்திரை என்று சொன்னேனே, மதினி

என் அன்பு மதினிக்கு,

பந்தலில் இந்தத் தடவை திராட்சை நல்ல காய்ப்பு. சொல்லிச் சந்தோஷப்படத்தான் ஆள் இல்லை. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அம்மா இன்னும் ஊருக்குள், "பிள்ளப் பாக்கியம் இல்லாம போய்ட்டா" என்றுதான் உங்களைச் சொல்கிறாள். கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வேகிறது.

ஏனென்றால் உண்மை தெரிந்தவள் நான். அரசு ஆஸ்பத்திரியில் பால்வினை நோய்ப் பிரிவு நர்ஸ். வெள்ளைப்படுகிறது, அடிவயிறு இழுக்கிறது என்று வெட்கப்பட்டுக்கொண்டு என்னிடம்தானே முதலில் சொன்னீர்கள்? டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இது தொற்று. விட்டா கருக்குழாய் கெட்டுப்போகும். வீட்டுக்காரரையும் வரச் சொல்லு" என்றார்கள்.

வீட்டுக்காரர் என் அண்ணன். கம்பத்திலிருந்து கொச்சிக்குக் காய்கறி லோடு அடிக்கிறவன். யாரோ வீட்டு ஆம்பிளை என்றால் போன் போட்டு வரவழைத்திருப்பேன். கூடப் பிறந்தவனிடம் இதைப் பேச நாக்கு எழவில்லை. அவன் பங்கு மாத்திரையையும் உங்கள் கையிலேயே கொடுத்து, "சத்து மாத்திரைன்னு சொல்லிக் குடுங்க மதினி" என்றேன். பெரிய கெட்டிக்காரி நான்.

அடுத்த வாரம், "சாப்ட்டாகளா?" என்று கேட்டேன்.

"சாப்ட்டாக செல்வி. நீ வெசனப்படாத."

அப்புறம் அம்மா பிள்ளை வரம் வேண்டி உங்களைச் சுருளித் தீர்த்தத்துக்கு அழைத்துப்போனாள், விரதம் இருக்க வைத்தாள். நாள் தள்ளிப்போனதும் முதலில் எனக்குத்தான் போன் செய்தீர்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கரு குழாயிலேயே தங்கி, அது வெடித்து, தேனிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே... வேண்டாம், உங்களுக்குத் தெரியாததா.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உங்கள் பெட்டியை ஒழித்தபோது, முகூர்த்தப் பட்டுக்குள் அந்த மாத்திரை உறை இருந்தது. பிரிக்கவே இல்லை. ஒரே ஒரு வேளை மாத்திரை, மதினி. ஒரு மடக்குத் தண்ணீர் போதும். நீங்கள் மட்டும் மருந்து சாப்பிட்டு, அவனிடமிருந்து திரும்பத் திரும்ப அந்தத் தொற்றையே வாங்கிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். என்னிடம் ஏன் பொய் சொன்னீர்கள்?

அண்ணனுக்கு ஆண்டிபட்டியில் பெண் பார்த்திருக்கிறார்கள். கல்யாண நேரத்தில் பழசைக் கிளறாதே என்று அம்மா தடுத்தும் கேட்காமல் அவனை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன். மறுநாள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எங்கள் பிரிவு வரிசையில் வந்து உட்கார்ந்தான். பரிசோதனை முடிந்து, என் கண் முன்னாலேயே மாத்திரையை விழுங்கினான்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "சத்து மாத்திரைன்னு நீட்டுனா. எனக்கென்ன கொறச்சல்னு தள்ளி விட்டுட்டேன். இன்னதுன்னு சொல்லியிருந்தா தின்னுருப்பேனே, செல்வி."

அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்தவள் நான் என்று அவனிடம் இன்னும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் சொல்லிவிடுவேன். இனி எந்தப் பெண்ணின் கையிலும் ஒரு பொய்யைச் சேர்த்து மாத்திரை கொடுத்தனுப்ப மாட்டேன். யார் வீட்டு ஆம்பிளையானாலும் நானே கூப்பிட்டுப் பேசுவேன். இது உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

பேச வேண்டிய நேரத்தில் பேசாத
உங்கள் நாத்தனார்,
செல்வி