அண்ணனுக்குப் போட்ட பழைய ஊசி

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுவது. நீயாவது சுகமாக இருக்க வேண்டும், இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அண்ணனுக்கு நடை தள்ளாடுகிறது என்று போனில் சொன்னேனே, இப்போது கரண்டி பிடிக்கவும் முடியவில்லை. மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிற நோய், சிறுவயதில் போட்ட வளர்ச்சி ஊசியால் வந்தது, மருந்து கிடையாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

நீ பிறக்கும் முன் நடந்தது அது. அவன் வயதுப் பிள்ளைகளின் தோளுக்குக்கூட வரமாட்டான். அந்த வளர்ச்சி ஹார்மோனை அப்போது இறந்தவர்களின் மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பியிலிருந்துதான் எடுப்பார்கள், வேறு வழியில்லை, போட்டோம். "செத்தவங்களை நம்பி எத்தனை நாளைக்கு, நானே செய்றேன்" என்று உன் அம்மா கிளம்பினாள். கிருமிக்குள் மனுஷ ஹார்மோனை உண்டாக்கப் போகிறாளாம், தையல்காரன் பெண்டாட்டிக்கு வந்த ஆசையைப் பார் என்று அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் கேலி செய்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை, வருஷக்கணக்காகக் கிருமி வளர்க்கிற புளித்த வாடையோடு வீடு வந்து என் துணி வெட்டும் மேஜையிலேயே தூங்கிப்போவாள். கடைசியில் செய்தும் காட்டினாள். அதற்குள் அண்ணன் பழைய ஊசியிலேயே வளர்ந்துவிட்டான், அவன் கால்சட்டை மடிப்பைப் பிரித்துப் பிரித்து இறக்கியதில் எனக்குத்தான் எத்தனை பெருமை. இறந்துபோன யாரோ ஒருவரின் நோய் அந்த மருந்தோடு வந்து இத்தனை காலம் சும்மா படுத்திருந்திருக்கிறது. அம்மாவின் மருந்தால் ஊரான் பிள்ளைகள் எல்லாம் தப்பித்தார்கள், நம் பிள்ளை தப்பவில்லை.

பாராட்டு விழாவுக்கு அழைக்க வந்தவர்களை அவள் வாசலோடு அனுப்பிவிட்டாள். கொஞ்சம் முந்தியிருந்தால், கொஞ்சம் முந்தியிருந்தால் என்று அதையே சொல்லி மாய்கிறாள். "அவனுக்குத் தெரிய வேண்டாம், நரம்புத் தளர்ச்சின்னே சொல்லுங்க" என்று என் கையைப் பிடித்து அழுதாள், தலையாட்டினேன். போன வாரம் குளிப்பாட்டும்போது அவன் குழறிக் குழறிச் சொன்னான், "அந்த ஊசியாலதான்னு எனக்குத் தெரியும்ப்பா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாங்க." அதற்கும் தலையாட்டினேன். சாப்பிடும்போது இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து நரம்புத் தளர்ச்சியைப் பற்றி நானே வாய் ஓயாமல் பேசுகிறேன்.

லீவு கிடைக்கவில்லை என்று சொல்லாதே. உன் முகம் அவனுக்கு அடையாளம் தெரிகிறபோதே வந்துவிடு. எந்த ஊசியும் இல்லாமல் வளர்ந்தவள் நீ, நோய்நொடி அண்டாமல் நீண்ட நாள் இரு. ஒன்று மட்டும் மறக்காதே, வந்ததும் அம்மா உன்னைத் தனியாகக் கூப்பிடுவாள், அவனும் தனியாகக் கூப்பிடுவான். இரண்டு பேருக்கும் சரி என்று சொல்லிவிடு. என்னால் தனியாக முடியவில்லையம்மா.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அப்பா