நித்தியின் இன்சுலின்

ஆகஸ்ட் 5, செவ்வாய்
புழுக்கம். சேலையூர் முழுக்க கரண்ட் ஷட்டவுன், காலை 9 – மதியம் 2. நேற்றுதான் வாங்கிய நித்தியின் இன்சுலின் குப்பி, சூட்டில் கெட்டுவிடக் கூடாது. ஃப்ரீசரில், ஐஸ் தட்டுகளுக்கு நடுவில் வைத்துவிட்டு ஸ்கூலுக்கு ஓட்டம்.
மாலை ஆறுக்கு எடுத்தால் கல் மாதிரி. கையில் பொத்தி வைத்து இளக்கினேன். நல்லவேளை, தப்பித்தது.
செய்ய: மாவு, சிலிண்டர் புக்கிங், பிளஸ் டூ பேப்பர் பாதிக் கட்டு.

ஆகஸ்ட் 6, புதன்
காலை சுகர் 291. நேற்று 138. ஏன்?
ஹார்மோன் பாடம் ஆரம்பம். கணையம் இன்சுலினை அனுப்பும், செல்லின் மேல் அதற்கென்று ஓர் ஏற்பி, இரண்டும் பொருந்தினால்தான் சர்க்கரை உள்ளே போகும். போர்டில் வரைந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி: "சிக்னலே வரலைன்னா, மிஸ்?" சுற்றிலும் சாப்பாடு மிதந்தாலும் செல் பட்டினிதான் என்றேன். என் பதிமூன்று வயதுப் பெண் நித்தியின் கணையம் ஏப்ரலோடு பேச்சை நிறுத்திவிட்டது. அதற்குப் பதில் நான் தினம் நாலு ஊசி.

ஆகஸ்ட் 7, வியாழன்
347. டாக்டர் போன் எடுக்கவில்லை. நானே இரண்டு யூனிட் கூட்டினேன். இறங்கவில்லை.
நாவலூர் ஆபீஸிலிருந்து நித்தி அப்பா போனில், "திருட்டுத்தனமா ஏதாவது சாப்பிடறாளா, பாரு."
கேட்டேன். இல்லையாம். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிக்கிறாள். பயமாக இருக்கிறது.
பால் பாக்கெட் ஒன்று திரிந்தது.

ஆகஸ்ட் 8, ஆடி வெள்ளி
412.
அவள் பையைக் குடைந்தேன். அடியில் ஒரு தொன்னை, அம்மன் கோயில் சர்க்கரைப் பொங்கல் ஒட்டிக்கொண்டு. கூடப் படிக்கிற பெண் சாப்பிட்டது, குப்பைத் தொட்டி கிடைக்காமல் பையில் வைத்தேன் என்றாள். "நான் தொடக்கூட இல்லம்மா."
அறைந்துவிட்டேன். ஐந்து விரலும் பதிந்தன. அழவில்லை. தாகமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.
சாமி, இவளை எப்படிக் காப்பாற்றுவேன்.

ஆகஸ்ட் 9, சனி
விடிந்ததிலிருந்து வாந்தி. மூச்சில் அழுகின பழ வாசனை. அது என்னவென்று எனக்குத் தெரியும்: கீட்டோன், ரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கிறது. ஆட்டோ. கேம்ப் ரோட்டில் பஸ் மறித்துக்கொண்டு நகரவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்து, "பாப்பாக்கு இன்னாக்கா? கெட்டியா புட்சிக்க, சந்துல பூந்துடறேன்." புகுந்தார்.
ஐ.சி.யூ. டிரிப்.
டாக்டர் குப்பியைக் கேட்டார். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே நூல் நூலாக. "எங்க வெச்சிருந்தீங்க மேடம்?"
சொன்னேன்.
ஒருமுறை உறைந்தால் அவ்வளவுதான், இத்தனை நாளும் வெறும் தண்ணீரைப் போட்டதற்குச் சமம் என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம்.
இன்சுலின் ஒரு புரதம். உருக்குலைந்தால் செல்லுக்கு அதை அடையாளம் தெரியாது. பன்னிரண்டு வருஷமாக நான் நடத்துகிற பாடம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
இந்த நோட்டில் ஏப்ரல் பக்கத்தைப் புரட்டினேன். என் கையெழுத்து, அடிக்கோடு வேறு: ஃப்ரீசரில் வைக்கவே கூடாது.
எழுதினேன், மறந்தேன். பிள்ளையை அடித்தேன்.
மாலை சுகர் 204. கண் திறந்தாள். தப்பு என்னுடையது, மருந்தை நான்தான் கெடுத்தேன் என்று சொன்னேன்.
"நான்தான் சொன்னேனே" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்
மழைத் தூறல். 161. டிரிப் எடுத்தாயிற்று. லீவ் லெட்டர் அனுப்ப வேண்டும். நித்தி அப்பா புதுக் குப்பியை ஐஸ் பையில் வைத்துக் கொண்டுவந்தார். டிபனுக்கு முன் ஊசி போடலாம் என்று நர்ஸ் சொன்னதும் நான் மருந்தை ஏற்றி, பஞ்சோடு பக்கத்தில் போனேன்.
கையை இழுத்துக்கொண்டாள்.
"நர்ஸ் அக்கா போடட்டும்."