உன் ஒன்பது வரை கிடைத்தது

மார்ச் 4
அச்சுப் படிகள் வந்தன. போர்க்காலத்தில் கப்பலிலிருந்து மனைவிக்கு நான் எழுதிய நாற்பத்தொரு கடிதங்கள், இப்போது புத்தகமாக. பெட்டியிலிருந்த மூலங்களோடு ஒப்பிட்டேன். பதிப்பாசிரியரிடம் கேட்க வேண்டியவை:

1. கடிதங்களின் எண்களையும், "உன் ஒன்பது வரை கிடைத்தது" போன்ற வரிகளையும் வெட்டியது ஏன்?
2. அவள் எழுதியவற்றில் ஒன்றுகூட இல்லாதது ஏன்?
3. நான் பயந்ததாக எழுதிய வரிகளை நீக்கியது யார் அனுமதியில்?

மார்ச் 5
தபால் மூட்டை துறைமுகம் துறைமுகமாகக் கப்பலைத் துரத்தும். அவளுடைய பன்னிரண்டாம் கடிதம் முதலில் வரும், எட்டாவது கடைசியில். எண் இருந்ததால்தான் எது தொலைந்தது என்று தெரிந்தது. அதை எடுத்துவிட்டால் நான் சுவரோடு பேசியவன்.

மூன்றாவதுதான் பொறுக்கவில்லை. இருபத்து மூன்றாம் கடிதம்: குண்டு விழுந்த அன்று கதவுப்பிடியைப் பற்றிய விரல்களை என்னால் விரிக்க முடியவில்லை, சமையற்காரர்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தார். அது இல்லை! இதைப் படிக்கும் மாலுமி, தான் ஒருவன்தான் பயந்தவன் என்று நினைக்க மாட்டானா?

கண்டித்து எழுதினேன். கிழித்தேன். ரொம்பக் காரமோ?

மார்ச் 9
மறுபடி கிழித்தேன்.
"போருக்குப் போன மனுஷன், ஒரு தபால் போட அஞ்சு நாளா?" என்றாள் மனைவி.

மார்ச் 12
பதிப்பாசிரியருக்குத் தொலைபேசினேன்.
"எண்ணெல்லாம் ரசீது மாதிரி இருக்கு ஐயா. ஜனங்களுக்கு வீரம்தான் வேணும்."
"அப்ப அச்சடிக்காதீங்க." — நானா சொன்னேன்? நானேதான்.
மனிதர் இறங்கி வந்தார். ஆனால் மூன்றாவதற்கு, "பயமா? அப்படி ஒரு வரியும் எங்ககிட்ட வரலையே" என்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்! அச்சுக்காக நாங்கள் அனுப்பிய பிரதி நோட்டைத் திருப்பி அனுப்பச் சொன்னேன்.

மார்ச் 20
நோட்டு வந்தது. என் கை நடுங்குவதால் அவள் பிரதி எடுத்துக் கொடுத்தது. இருபத்து மூன்றில், அவளுடைய உருண்டைக் கையெழுத்து "நலம்" என்பதிலிருந்து நேராக மழை பற்றிய வரிக்குத் தாவுகிறது.

"ஏன் விட்டே?"
"அது எனக்கு எழுதினது. ஊருக்கு இல்ல."
"எல்லாத்தையுமா?"
"ஒண்ணு விடாம. வீரத்தை எடுத்துக்கட்டும், போங்க."

மார்ச் 23
எண்கள் இருக்கும். அவளே தேர்ந்தெடுத்த அவளுடைய ஆறு கடிதங்களும் இருக்கும். முன்னுரையில் ஒரு வரி சேர்க்க அனுமதி கேட்டேன் — அவளிடம். "நான் பயந்தேன், விவரம் என் மனைவிக்குத் தெரியும்." படித்துவிட்டு, "இவ்வளவு போதும்" என்றாள்.

பதிப்பாசிரியரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். கிழிக்கவில்லை. என் மூன்றாவது கேள்வி தவறு. நீக்கியவளுக்கு யார் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.