முதல் கொட்டு

சிட்டு, இந்த வருஷமும் காப்பி பூத்துவிட்டது. பெருமாள்மலைக்குக் கீழே நம் எஸ்டேட் முழுக்க வெள்ளை. வாசத்துக்குத் தேனீயும் குளவியும் வந்து இரைகின்றன. அதைக் கேட்டதும் உன்னிடம் பேசத் தோன்றியது.

உன்னை முதலில் குளவி கொட்டியபோது உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துப்போனது. அம்மா சுண்ணாம்பு தடவினாள். "விஷம் வெளிய வருதுடி, நல்லதுதான். சிலோன் தோட்டத்துல கொட்டு வாங்கினவளத்தான் முன்னால விடுவாங்க." நம் கூட்டத்திலும் அதுதான் வழக்கம். குளவிக்கூடு இருக்கிற செடிக்குக் கொட்டு வாங்கியவள்தான் முதலில் போவாள். உடம்பு பழகியிருக்குமாம்.

அடுத்த வருஷம் பழம் பறிக்கையில் ஒரு செடியில் கூடு தெரிந்தது. கங்காணி தயங்கினார். நீ இடுப்புக் கூடையை இறுக்கிக்கொண்டு, "தள்ளுங்கடி பயந்தாங்கொள்ளிகளா, நான் பழைய ஆளு" என்று போனாய். எல்லோரும் சிரித்தோம்.

ஒரே குளவி. கழுத்தில். "மூச்சு முட்டுதுக்கா... ஒண்ணுதான கொட்டுச்சு?" என்றாய். ஜீப் கொடைக்கானல் போய்ச் சேர்வதற்குள் என் மடியிலேயே அடங்கிவிட்டாய்.

நீ கேட்டதற்கான பதிலை ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் சொன்னார். எனக்குப் புரியட்டும் என்று இரண்டாகக் கிளைத்த ஒரு கவட்டைக் குச்சியைப் படம் போட்டார். முதல் கொட்டில் சிலருடைய உடம்பு அந்த விஷத்துக்கென்றே கவட்டை மாதிரி ஒன்றைச் செய்கிறதாம். ஆன்டிபாடி என்று பெயர். தோலுக்கடியிலும் மூச்சுக்குழாய் ஓரத்திலும் காவல் இருக்கும் உயிரணுக்களில், அதன் காம்பைப் பிடித்துக்கொள்ளவே பிடிகள் இருக்கின்றன. காம்பு அதில் மாட்டிக்கொள்ளும்; கவட்டை வெளியே விரிந்து நிற்கும். விஷம் மறுபடி வந்து அக்கம்பக்கத்துக் கவட்டைகளைச் சேர்த்து இழுத்தால், அந்த உயிரணு தன்னிடம் உள்ள ரசாயனத்தையெல்லாம் கவிழ்த்துவிடும். தோல் தடிக்கும், மூச்சுக்குழாய் இறுகும். "அது காக்கத்தாம்மா பாத்துச்சு. அளவு தெரியல" என்றார்.

இப்போது கூடு தெரிந்தால் நான்தான் முன்னால் போய் மறிக்கிறேன். "முன்ன கொட்டினப்ப அந்த எடத்துல மட்டும் வீங்குச்சா, ஒடம்பெல்லாம் தடிச்சுச்சா?" தடித்தவளை ரோட்டுக்கே அனுப்பிவிடுவேன். "வந்துட்டாங்கப்பா நம்ம டாக்டரு" என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும். அம்மாவும் இப்போதெல்லாம் சுண்ணாம்பு டப்பாவை எடுப்பதில்லை.

அந்த இடைப்பட்ட வருஷத்தில் நீ சந்தைக்குப் போனாய், வளையல் வாங்கினாய், சீப்புக்காக என்னோடு சண்டை போட்டாய். உனக்குள்ளே அந்தக் கவட்டைகள் விரிந்தபடி காத்திருந்தன. ஒரு நாளாவது, சின்ன அரிப்பாகவாவது, உனக்குத் தெரிந்ததா சிட்டு?