காகிதக் கூழில் செய்த குழல்

அம்பாசமுத்திரம்
கொல்லம் 1088-ம் ஆண்டு ஐப்பசி 22

சிரஞ்சீவி மாப்பிள்ளை சிவசைலம் அவர்களுக்கு, மாமனார் ஆவுடைநாயகம் அநேக ஆசீர்வாதம் சொல்லி எழுதியது. நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. கொழும்பில் உங்கள் தேக நிலையும் கம்பெனி வேலையும் எப்படி என்று எழுதவும்.

இங்கே பத்து நாளாக மழை. ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது. கீழவயலில் நாற்று அழுகிவிட்டது. அது போகட்டும்.

என் மகள் உலகம்மாளின் குரல் பதிந்த மெழுகு உருளையைப் பஞ்சு சுற்றி அனுப்பச் சொல்லி எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதில் எழுதத்தான் ஒரு வாரமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

போன வருஷம் உலகம்மாளைக் கொண்டுபோன காய்ச்சல் உங்கள் அத்தையின் காதையும் கொண்டுபோயிற்று. நீங்கள் விட்டுப்போன போனகிராப் பெட்டியின் சிறிய குழலில் வரும் பேச்சு அவளுக்கு எட்டவில்லை. நான் கேட்டுக் கண்ணைத் துடைப்பேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "எங்கிட்ட மட்டும் பேச மாட்டேங்காளே" என்பாள். எத்தனை நாள்தான் பார்ப்பது? குழலைப் பெரிதாகச் செய்தால் சத்தமும் பெரிதாகும் என்று எனக்குத் தோன்றியது. தாலுகா கச்சேரியில் இருபது வருஷம் நகல் எழுதினவனுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்பீர்கள். நியாயம்தான்.

முதலில் தகர வேலை செய்யும் முகம்மது மைதீன் மண்ணெண்ணெய் டின்னை வெட்டி ஒரு குழல் பற்றவைத்துத் தந்தார். அதை மாட்டினால், உலகு பேசுகிறாளா பாத்திரம் உருளுகிறதா என்று தெரியாத சத்தம். "தகரம் அதிருது அண்ணாச்சி, அதிராத வஸ்துவாப் பாருங்க" என்றார். நம் வீட்டுப் பெண்கள் பழைய காகிதமும் வெந்தயமும் ஊறவைத்து அரைத்துக் கூடை செய்வார்கள் அல்லவா? அந்தக் கூழ் ஞாபகம் வந்தது. கோயில் நாகசுரத்தின் வாயைப் பார்த்து, அதுபோல் பையப் பைய விரியும்படி மூங்கில் சிம்பில் கூடு கட்டி, மேலே கூழை அப்பினேன். முதல் குழல் வாய் கோணிச் சரிந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். இரண்டாவது நின்றது. இரண்டு முழ நீளம், விரற்கடை கனம்.

மைதீன் வந்து தூக்கிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுக் கனத்தை உருளையில ஓடுத ஊசி மேல ஏத்திராதீங்க. உள்ள இன்னும் ஈரமா இருக்கு. மழை வெறிக்கட்டும், சங்கிலி அடிச்சுத் தாரேன், உத்தரத்துல தொங்க விடுவோம். நாலு நாள் பொறுங்க" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் அவளுடைய ஆண்டுத் திதி. நீங்கள் அங்கே திவசம் கொடுக்கும் அன்றைக்கு, பெற்றவள் இங்கே பிள்ளையின் குரலைக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

இலை போட்டுப் படைத்து, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வந்து, குழலை அப்படியே ஊசியின் தலையில் செருகிப் பெட்டிக்குச் சாவி கொடுத்தேன். "யம்மா, இங்கன வாங்களேன். ஒங்க மருமவன் இந்தக் கொழாய்க்குள்ள பேசச் சொல்லுதாக. எனக்கு வெக்கமா இருக்கு." வீடு முழுக்க அவள் குரல். உங்கள் அத்தை குழலுக்குள் தலையை வைத்திருந்தாள். சட்டென்று நிமிர்ந்து, "வெக்கமா இருக்குங்கா!" என்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

இன்னொருக்க என்றாள். போட்டேன். அந்தி சாயும்வரை இன்னொருக்க, இன்னொருக்க. ஊசி முனையில் வெள்ளையாகத் தூள் சேர்ந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு தரமும் துண்டால் துடைத்து உதறினேன். குரல் மங்கியபோது குழலின் ஈரம் என்று நினைத்தேன். மாப்பிள்ளை, நான் உதறியது நம் உலகின் குரல். அந்தக் கனத்தில் ஊசி மெழுகை உழுதுவிட்டது. மறுநாள் போட்டால் வெறும் இரைச்சல். மைதீன் உருளையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், பெட்டியில் மறுபடி மாட்டிவிட்டுப் போனார்.

சொல்பேச்சுக் கேளாத பாவி நான். உங்கள் பொருளை அழித்துவிட்டேன். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுதுங்கள். ஆனால் தனியாக என் பெயருக்கு எழுதுங்கள்.

உங்கள் அத்தைக்கு இது தெரியாது. இன்றைக்கும் அடுப்பு வேலை முடிந்ததும் வந்து குழலில் காதை வைத்துக்கொள்கிறாள். நான் சாவி கொடுக்கிறேன். எனக்கு இரைச்சல் கேட்கிறது. அவள், "கேட்டீகளா, ஒங்க மருமவன்ங்கா" என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் தலையாட்டுகிறேன்.

ஆகையால் உருளை இங்கேயே இருக்கட்டும். உங்களுக்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை. தை மாதம் நீங்கள் வரும்போது, அவள் உங்களையும் பக்கத்தில் உட்காரவைத்துக் குழலைக் காட்டுவாள். எனக்காக ஒரே ஒரு தரம், கேட்கிறது அத்தை என்று சொல்லிவிடுங்கள். பாபநாசநாதர் உங்களுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார்.

இப்படிக்கு,
ஆவுடைநாயகம்