தெற்கு பார்த்த மிஹ்ராப்

இஸ்திஜா
ஹிஜ்ரி 354, ரஜப் பிறை 3

கண்மணி பஹ்ஜாவுக்கு ஸலாம்.

கலீஃபாவின் நூலகத்துக்கு நீ எழுதிய மூன்றாவது பிரதியும் தேறியதாமே, மகிழ்ச்சி. ஓர் எழுத்துப் பிழைக்கு முழு ஏட்டையே தள்ளுபவர்கள், ஒரு சுவரின் பிழையை மட்டும் பொறுத்துக்கொள்கிறார்கள்.

நிக்காஹைக் குர்துபாவின் பெரிய பள்ளிவாசலிலா வைத்திருக்கிறாய்? மக்கா இருப்பது நமக்குத் தென்கிழக்கில். தொழும் திசையைக் காட்ட வேண்டிய அங்குள்ள மிஹ்ராப் மாடமோ தெற்கே பார்க்கிறது. ஆசான் இல்லாமல் நானே கற்று, பதினொரு மாதம் நிழல் அளந்து சொன்னேன். "நம்ம பாட்டன்மாரு தொழுத திசை போதும், போங்க பெரியவரே" என்று ஊரார் சிரித்தார்கள். சுவர் திரும்பும்வரை உள்ளே கால் வைப்பதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன். அந்த மாடத்தில் கண்ணாடிச் சில்லு பதிப்பவன்தான் உனக்குக் கிடைத்தானா! என் சார்பில் உன் சிற்றப்பா வருவார்.

வாப்பா அஸ்பக்

குர்துபா
ரஜப் பிறை 12

அன்பு வாப்பாவுக்கு,

சிற்றப்பா விருந்துக்கு வரட்டும். என்னைக் கொடுக்க நீங்கள்தான் வர வேண்டும். வராவிட்டால் நிக்காஹ் இல்லை. நானும் உங்கள் மகள்தான்.

ரோமப் பேரரசர் அனுப்பிய பொன் சில்லுகள் மாடத்தில் ஏறிவிட்டன. பார்க்கிறவர்கள் பேச்சு மறந்து நிற்கிறார்கள். நீங்கள் சொல்லும் அந்தச் சில்லு பதிப்பவர் ஹுதைலிடம் நேராகவே கேட்டேன்: "சுவர் தப்பான பக்கம் பாக்குது, தெரியுமா?"

"தெரியாம என்ன? சுவருக்கு நூல் பிடிக்கிற எங்க எல்லாருக்கும் தெரியும். உங்க வாப்பா கணக்கு சரிதான். ஆனா பாட்டன்மாரு தொழுததெல்லாம் வீண்னு சந்தையில நின்னு கத்தினாரே, அதான் ஊருக்குப் பொறுக்கல."

அப்படிச் சொன்னீர்களா, வாப்பா?

பஹ்ஜா

இஸ்திஜா
ரஜப் பிறை 19

மகளே,

சொன்னேன். என் வாப்பாவும் நாற்பது வருடம் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் அழுது தொழுதார். அந்த ஒரு சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். கணக்கைத் திரும்பப் பெறமாட்டேன்.

சத்தியத்தை முறிக்கப்போவதற்குப் பரிகாரமாகப் பத்து ஏழைகளுக்கு ரொட்டியும் கடலைக் குழம்பும் போட்டாயிற்று. மக்கா எந்தப் பக்கம் என்று காட்டிவிட்டுத்தான் போட்டேன். "பெரியவரே, முதல்ல குழம்பு எந்தப் பக்கம்னு காட்டுங்க" என்றான் ஒருவன்.

வியாழனன்று புறப்படுகிறேன். நிக்காஹ் முடிந்ததும் அங்கேயே தொழுவேன். வரிசையில் நான் மட்டும் கிழக்கே சாய்ந்து நிற்பேன். பக்கத்தில் நிற்பவரைத் தோள் இடிக்கும். அந்த இடத்தில் மாப்பிள்ளையை நிற்கச் சொல்.

வாப்பா