நீ பழம் தின்னவில்லை

இன்று காலை என் மகள், அடுக்களையில் தொங்கிய மட்டி வாழைக்குலையை அப்படியே அறுத்தெடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவள் என்னைத் தாண்டிப் போகையில் பழுத்த மட்டிப்பழத்தின் மணம் குப்பென்று வந்தது. எனக்குக் கோபம் வருவதற்கு முன்னால் நீ நினைவில் வந்துவிட்டாய்.

நேற்றுப் பார்த்ததில் என் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. இருபத்தெட்டு வருடம் ஊரார் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்த லேப்காரிக்கே இப்படி என்றால், ஒளித்துவைத்துத் தின்கிறாள் என்றுதானே அர்த்தம்? மகள் அப்படித்தான் நினைத்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பாடத்தை என்னிடமிருந்துதான் படித்தாள்.

நம் இருவருக்கும் ஒரே வருடத்தில்தான் சுகர் வந்தது. பள்ளிக்கூடத்திலும் ஒரே பெஞ்சு, நோயிலுமா என்று பூதப்பாண்டி ஊரே சிரித்தது. விடிந்ததும் ஆற்றுப்பாலம் வரை நடப்போம். திரும்பும் வழியில் சீனி போடாத சாயா. அதைக் குடிக்கையில் உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, விளக்கெண்ணெய் குடித்த பிள்ளை தோற்றுவிடும். டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்புதான் உனக்குப் பத்தியம் ஞாபகம் வரும்: பாகற்காய், கோதுமைத் தோசை. மற்ற நாளெல்லாம் உன் வீட்டுப் பின்புறத்து மட்டிதான். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் டெஸ்டில் ஒருமுறை வகையாக மாட்டிக்கொண்டாய். "ஏட்டி, இந்த மிசினுக்கு எம்மேல என்ன விரோதம்?" என்று நீ கேட்டதும் லேபில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள்.

அங்கன்வாடி வேலையிலிருந்து நீ ஓய்வு பெற்றதும் நடக்க வருவது குறைந்தது. முதலில் முட்டுவலி என்றாய். பிறகு மழை என்றாய். பிறகு காரணமே சொல்லவில்லை. பத்து மணிக்கு வந்து கூப்பிட்டாலும் கட்டிலில்தான் கிடப்பாய். சர்க்கரை ஏறியது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். இன்னும் ஏறியது. நான் என்ன நினைப்பேன்? பழைய கள்ளி, பழைய களவு.

ஒருநாள் லேபிலிருந்து நேரே உன் வீட்டுக்கு வந்தேன். முன்வாசல் உத்தரத்தில் பழுத்த குலை தொங்கியது.

"எத்தன பழம்ட்டி தின்ன? உள்ளதச் சொல்லு."

"நான் தின்னல்ல."

"பின்ன நம்பர் பொய் சொல்லுமா?"

நீ சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "எனக்கு ஒறக்கமே இல்லட்டி. விடிஞ்சா என்னத்துக்கு எந்திரிக்கணும்னு இருக்கு. மாத்திரையக் கையில எடுப்பேன். இதத் தின்னு என்ன செய்யன்னு திருப்பி வச்சிருவேன்."

"எல்லாம் சும்மா இருக்கதுனால வாறது. நாளைக்கு நடக்க வா, செரியாப் போவும்" என்று சொல்லிவிட்டு, குலையை அறுத்து எடுத்துக்கொண்டு நடந்தேன். படியிறங்கும்போது பின்னாலிருந்து உன் குரல் கேட்டது: "அது பிள்ளையளுக்கு வச்சிருந்தது."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. சாக்குச் சொல்கிறாய் என்றே நினைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியே போகும் உன் பழைய அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பழம் கொடுப்பாயாம். அந்த நாட்களில் அதற்கு மட்டும்தான் நீ கட்டிலை விட்டு எழுந்தாயாம். நீ இறந்த அன்று, உன்னைக் கிடத்தியிருந்த வீட்டில் ஒரு பிள்ளையின் அம்மா அழுதுகொண்டே சொன்னாள்.

உன்னைக் கொண்டுபோனது குதிகாலில் செருப்பு கடித்த சின்னப் புண். எனக்குத் தெரிந்தால் விரலைக் குத்துவேன், ஏசுவேன் என்று மறைத்துவிட்டாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது சீழ் காலோடு நிற்கவில்லை, இரத்தத்தில் கலந்திருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டாய்.

அப்புறம் ஒருநாள் டாக்டரிடம் கேட்டேன். மனம் சோர்ந்து கிடந்தால் உறக்கம் போகும், நடை போகும், மருந்து தவறும், உடம்பும் தன் பங்குக்குச் சர்க்கரையை ஏற்றும், ஏறிய சர்க்கரை மனத்தை இன்னும் அமுக்கும் என்றார். "ரெண்டுக்கும் சேத்து வைத்தியம் பாத்திருக்கலாம். எங்கிட்ட யாரும் சொல்லல்லியே" என்றார். சொல்ல வேண்டியவள் எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். நீ உன் வாயால் சொல்லக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. நானும் இப்போது நடக்கப் போவதில்லை. பாலம் வரை போய் யாரோடு திரும்புவது?

மகள் பக்கத்து வீட்டிலிருந்து திரும்பி வந்து, கத்தியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "உள்ளதச் சொல்லும்மா. எத்தன பழம் தின்ன?"

வாய் நிறைய ஏச்சு வந்தது. விழுங்கிக்கொண்டேன். உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்தது உன் வார்த்தைகள்தான்.

"தின்னல்ல மக்கா. எனக்கு ஒறக்கம் இல்ல. விடிஞ்சா என்னத்துக்கு எந்திரிக்கணும்னு இருக்கு."

அவள் குழாயை மூடினாள். ஈரக்கையைத் துடைக்காமலே வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நாளைக்கு என்னை டாக்டரிடம் கூட்டிப்போகிறாள். அங்கேயும் உன் வார்த்தைகளைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் உட்கார்ந்ததும் அவள் முதலில் கேட்டது வேறு.

"எப்ப இருந்தும்மா?"

அவ்வளவுதான், ஏட்டி. அன்றைக்கு உன் வாசலில் நான் கேட்டிருக்க வேண்டியது அதை மட்டும்தான்.